அருகிலிருந்து தூரத்துக்கு: கட்டளைச் சாளரத்தைக் கொண்டு வலையமைப்பைப் பரிசோதிக்கும் முழுமையான வழிகாட்டி

மலையகத்தில் இணைய இணைப்பு அறுந்தால், அதைச் சரிசெய்ய ஆள் வந்து சேரும்வரை காத்திருக்க வேண்டிய நேரம் கொழும்பில் இருப்பதைவிட அதிகம். பாதையில் மண் சரிந்திருக்கலாம், தோட்டத்துக்குள் வாகனம் ஏற முடியாதபடி மழை பெய்திருக்கலாம். எல்லாம் கடந்து வருபவர் வந்து பார்க்கும் வேளையில் இணைப்பு நன்றாக இயங்கிக்கொண்டிருந்தால், அவர் ஒன்றும் கண்டுபிடிக்காமலே திரும்பிவிடுவார். கொட்டகலைக்கு அருகே தோட்டத்துப் பிள்ளைகள் படிக்கும் ஒரு சிறிய நிலையத்தில் 12 கணினிகளையும், ஒரு ரவுட்டரையும், கணினிகளைக் கேபிளால் ஒன்றிணைக்கும் ஒரு சுவிட்சையும் நான் பராமரித்து வருகிறேன். பழுது எந்த இடத்தில் இருக்கிறது என்பதை அவர் வருவதற்கு முன்பே நாம் அறிந்து வைத்திருந்தால் காத்திருப்பில் பாதி குறையும் என்பதை அந்த வேலையில்தான் தெரிந்துகொண்டேன். அதை அறிவதற்குத் தேவையான கருவிகள் எல்லாம் ஏற்கனவே கணினிக்குள் இருக்கின்றன. அவற்றை வரிசையாக, அருகிலிருந்து தூரத்துக்குப் போகும் முறையில் பயன்படுத்த வேண்டும். முதலில் நம் கணினி, அடுத்து ரவுட்டர், அதற்கடுத்து சேவை நிறுவனத்தின் வலையமைப்பு, கடைசியாக வெளியுலகம். ஒரு வளையம் சரி என்று உறுதிப்படுத்தாமல் அடுத்ததற்குப் போகக் கூடாது.

விண்டோஸ் கணினியில் விண்டோஸ் விசையுடன் 'ஆர்' விசையை அழுத்தி, வரும் பெட்டியில் 'சிஎம்டி' எனத் தட்டச்சு செய்தால் கட்டளைச் சாளரம் திறக்கும். உபுண்டு போன்ற லினக்ஸ் கணினியில் கண்ட்ரோல், ஓல்ட், டி (T) ஆகிய மூன்றையும் சேர்த்து அழுத்த வேண்டும். இங்கே கட்டளைகளை ஒலிப்புக்கு ஏற்பத் தமிழில் எழுதியிருக்கிறேன். சாளரத்தில் அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் இட வேண்டும். பெரும்பாலும் விண்டோஸ் கட்டளைகளையே விளக்குகிறேன், ஏனெனில் நம் பாடசாலைகளிலும் கடைகளிலும் இருப்பவை பெரும்பாலும் அவைதான். லினக்ஸில் வேறுபடும் இடங்களை அங்கங்கே சொல்லிச் செல்கிறேன்.

முதற்படி: உங்கள் கணினியின் முகவரியைப் படித்தல்

'ஐபிகொன்பிக் /ஓல்' (ipconfig /all) என்ற கட்டளையை இடுங்கள். முதல் சொல் முழுவதும் இடைவெளியின்றி ஒன்றாக வர வேண்டும். அதன் பின் ஓர் இடைவெளி, சாய்கோடு, 'ஓல்'. லினக்ஸில் 'ஐபி ஏ' என்பது முகவரியையும் 'ஐபி ஆர்' என்பது வெளியேறும் பாதையையும் காட்டும். திரையில் நிறைய வரிகள் ஓடும். அவற்றில் ஐந்து மட்டும் நமக்கு வேண்டும். அவை ஐபி பதிப்பு 4 முகவரி, உபவலை மறைப்பு (முகவரியின் எந்தப் பகுதி நம் வலையமைப்பைக் குறிக்கிறது என்று காட்டும் எண்), இயல்புநிலை நுழைவாயில் (வெளியே போகும் வழியான ரவுட்டரின் முகவரி), டிஎச்சிபி சேவையகம் (கணினிகளுக்கு முகவரி கொடுக்கும் பொறி), டிஎன்எஸ் சேவையகம் (தளத்தின் பெயரை எண்ணாக மாற்றும் பொறி) ஆகியன.

வீட்டிலும் சிறிய நிலையங்களிலும் முகவரி பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும். 10 என்று தொடங்குபவையும், 172.16 முதல் 172.31 வரையானவையும் அதே போன்ற தனியார் முகவரிகளே. இவை சுவருக்குள் மட்டும் செல்லுபடியாகும். வெளியே போகும்போது ரவுட்டர் அவற்றை மாற்றித் தன் முகவரியை இட்டு அனுப்புகிறது. 169.254 என்று தொடங்கும் முகவரியைக் கண்டால், கணினி முகவரி கேட்டும் எவரும் கொடுக்கவில்லை, ஆகவே அது தானே ஒன்றை வைத்துக்கொண்டது என்று பொருள். அப்போது இணையத்தைப் பற்றி யோசிக்க வேண்டியதே இல்லை. கேபிளையும், சுவிட்சின் சிறு விளக்கையும், ரவுட்டரையும் பார்த்தால் போதும்.

டிஎச்சிபி சேவையகம் என்ற வரியைப் பலர் கவனிப்பதில்லை. நானும் அதைக் கவனிக்காமல் ஒரு சனிக்கிழமை முழுவதையும் இழந்திருக்கிறேன். உயர்தர மாணவர்களுக்கான வகுப்பு நடந்துகொண்டிருந்த அன்று, 12 கணினிகளில் ஐந்தில் இணையம் இல்லை. எல்லாவற்றிலும் 'இணைக்கப்பட்டுள்ளது' என்றே காட்டியது. ரவுட்டரை இரண்டு தடவை அணைத்து ஏற்றினேன். அதன் பின் இரண்டு கணினிகள் சரியாகி, நன்றாக இருந்த இன்னும் இரண்டு கெட்டுப்போயின. இறுதியில் ஒரு மாணவிதான், "சேர், இந்த மெஷின்ல மட்டும் நடுவில சைபர் வருது, பக்கத்து மெஷின்ல ஒண்டு வருதே, அது ஏன்?" என்று கேட்டாள். அவள் சுட்டிய கணினியின் முகவரி 192.168.0.103, பக்கத்தில் இருந்தது 192.168.1.24. டிஎச்சிபி சேவையகம் என்ற வரியில் ஒன்றில் 192.168.0.1 என்றும், மற்றொன்றில் 192.168.1.1 என்றும் இருந்தது. ஒரே சுவிட்சில் இரண்டு பேர் முகவரி கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

முகவரி கேட்கும் கணினி, 'யாராவது ஒரு முகவரி தாருங்கள்' என்று எல்லோருக்கும் பொதுவாகவே கேட்கிறது; பொதுவாக முதலில் வரும் பதிலை ஏற்றுக்கொள்கிறது. எனவே எந்தக் கணினி எந்தப் பக்கம் சாயும் என்பது ஒவ்வொரு தடவையும் மாறும். அந்தக் கணினியில் 'ஏஆர்பி -ஏ' என்ற கட்டளையை இட்டபோது, 192.168.0.1 என்ற முகவரிக்கு நேரே, அந்தப் பொறியின் 12 இலக்க வன்பொருள் முகவரி தெரிந்தது. அலுமாரியின் மேல் கிடந்த பழைய ரவுட்டரைத் திருப்பி அடியில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்தேன், அதே எண். பின் அறைக்கு வைஃபை எட்ட வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில் யாரோ அதைச் சுவிட்சில் செருகியிருக்கிறார்கள்.

இப்படி நேர்ந்தால் பழைய ரவுட்டரைத் தூக்கி எறியத் தேவையில்லை. அதன் அமைப்புப் பக்கத்தில் டிஎச்சிபியை நிறுத்திவிட்டு, முதன்மை ரவுட்டர் வழங்கும் எண்களின் எல்லைக்குள் வராத ஒரு முகவரியை, எடுத்துக்காட்டாக 192.168.1.2 என்பதை, அதற்கு நிலையாக இட்டு, கேபிளை அதன் லான் துளையில் (உள் வலையமைப்புக்கான துளையில்) செருகினால், அது வைஃபை தரும் கருவியாக மட்டும் வேலை செய்யும். பின்னர் ஒவ்வொரு கணினியிலும் 'ஐபிகொன்பிக் /ரிலீஸ்', அதைத் தொடர்ந்து 'ஐபிகொன்பிக் /ரினியூ' ஆகியவற்றை இட்டால் சரியான முகவரி வந்துவிடும்.

இரண்டாம் படி: வளையம் வளையமாகக் கூப்பிட்டுப் பார்த்தல்

மலைச்சரிவில் நின்று எதிர்மலையை நோக்கிக் கூவினால் எதிரொலி வரும்; அது திரும்ப எடுக்கும் நேரத்தை வைத்தே எதிர்மலை எவ்வளவு தூரம் என்று சொல்லிவிடலாம். 'பிங்' செய்வதும் அதே வேலைதான். அது அனுப்பும் பொதியின், அதாவது சிறு தரவுத் துண்டின், பெயரே எதிரொலிக் கோரிக்கை. மைக் மூஸ் என்ற அமெரிக்கர் 1983 டிசம்பரில் இதை எழுதியபோது, நீர்மூழ்கிகளைக் கண்டறியும் சோனார் ஒலியை நினைவில் வைத்தே இந்தப் பெயரை இட்டார்.

முதலில் 'பிங் 127.0.0.1' என இடுங்கள். இது உங்கள் கணினி தன்னைத் தானே கூப்பிடுவது. இதிலேயே பதில் வராவிட்டால் பழுது கணினியின் மென்பொருளில்தான் இருக்கிறது. அடுத்து முதற்படியில் கண்ட நுழைவாயிலின் எண்ணைக் கூப்பிடுங்கள். கேபிளில் என்றால் 1 மில்லி விநாடிக்கும் குறைவாகப் பதில் வர வேண்டும். வைஃபையில் சில மில்லி விநாடிகள் ஆகலாம், இடையிடையே ஒன்றிரண்டு எண்கள் துள்ளவும் செய்யும். மூன்றாவதாக 'பிங் 8.8.8.8' என்று கூகுளின் பொதுச் சேவையகத்தைக் கூப்பிடுங்கள். கடைசியாக எண்ணுக்குப் பதில் ஓர் இணையத்தளத்தின் பெயரை இட்டுப் பாருங்கள். எந்த வளையத்தில் முதன்முதலாகப் பதில் நிற்கிறதோ, பழுது அந்த வளையத்துக்கும் அதற்கு முந்தியதற்கும் இடையில் இருக்கிறது.

பதில் வராதபோது திரையில் தோன்றும் இரண்டு செய்திகளும் ஒரே பொருளைத் தருபவை அல்ல. 'ரிக்குவெஸ்ட் டைம்ட் அவுட்' என்றால் பொதி போயிற்று, குறித்த நேரத்துக்குள் பதில் வரவில்லை. 'டெஸ்டினேஷன் ஹோஸ்ட் அன்ரீச்சபிள்' என்றால் அந்த இடத்துக்குப் போக வழியே தெரியவில்லை என்று இடையில் ஒருவர் திருப்பிச் சொல்கிறார். சொல்பவரின் முகவரி உங்கள் கணினியுடையதாகவே இருந்தால், நீங்கள் தேடும் பொறி உங்கள் வலையமைப்பில் விடை தரவில்லை. இங்கே ஓர் ஏமாற்றமும் உண்டு. விண்டோஸ் இந்த இரண்டாவது வகைச் செய்தியையும் 'வந்த பதில்' என்றே கணக்கிடுவதால், கீழே 0 வீத இழப்பு என்று காட்டும். சுருக்கத்தை மட்டும் படிப்பவர் எல்லாம் சரி என்று நினைத்துவிடுவார்; மேலுள்ள வரிகளையும் படித்தே தீர வேண்டும். பக்கத்துக் கணினியைக் கூப்பிட்டுப் பதில் வராவிட்டால் அது செத்துவிட்டது என்றும் முடிவு கட்டக் கூடாது, ஏனெனில் வெளியிலிருந்து வருவதை வடிகட்டும் விண்டோஸின் தீச்சுவர் இந்தக் கூவலைத் தடுத்து வைத்திருக்கக் கூடும்.

எவ்வளவு மில்லி விநாடி நல்லது என்று பலரும் கேட்கிறார்கள். கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்கு ஏறக்குறைய 2 இலட்சம் கிலோமீற்றர் ஓடுகிறது. கொழும்பிலிருந்து சிங்கப்பூர் நேர்கோட்டில் சுமார் 2,700 கிலோமீற்றர். போய் வர 5,400. ஆகவே அங்குள்ள சேவையகத்திலிருந்து கண்ணாடி இழை வழியே 27 மில்லி விநாடிக்குள் பதில் வாங்க முடியாது. கடலடி வடம் நேர்கோட்டில் போவதில்லை, இடையில் பல பொறிகளும் இருக்கின்றன, ஆகவே உண்மையான எண் அதைவிடக் கூடவே இருக்கும். எனவே இணைப்பு நன்றாக இயங்கும் ஒரு நாளில் உங்களுக்கு எவ்வளவு வருகிறது என்பதைக் குறித்து வைத்து, பழுதான நாளை அதனுடன் ஒப்பிடுவதே சரியான வழி.

மூன்றாம் படி: விட்டுவிட்டு வரும் பழுதைப் பிடித்தல்

நான்கு கூவல்களோடு விண்டோஸ் நிறுத்திக்கொள்ளும். மழைக்கு மட்டும் வரும் பழுதை நான்கு கூவல்களில் பிடிக்க முடியாது. 'பிங் -டி' (ping -t) என்று இட்டு முகவரியைத் தந்தால், கண்ட்ரோலையும் சி-யையும் அழுத்தும்வரை அது ஓடிக்கொண்டே இருக்கும். லினக்ஸில் இயல்பாகவே அப்படித்தான் ஓடும். நிறுத்த விரும்பினால் '-சி' என்பதுடன் எண்ணிக்கையைத் தர வேண்டும்.

பதிவு எடுப்பதற்கு நான் கையாளும் முறையைச் சொல்கிறேன். 'பிங் -என் 3600 -டபிள்யூ 1000' என்று எழுதி, முகவரியை இட்டு, அதன் பின் '>' குறியும் ஒரு கோப்பின் பெயரும் தருவேன். விநாடிக்கு ஒன்று என்ற கணக்கில் 3600 கூவல்கள் ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஓடும். முடிவு திரைக்கு வராமல் கோப்பில் எழுதப்படும். '-டபிள்யூ 1000' என்பது, பதில் வராதபோது ஒரு விநாடிக்கு மேல் காத்திருக்காதே என்று சொல்வது. அது இல்லாவிட்டால் விண்டோஸ் ஒவ்வொன்றுக்கும் 4 விநாடி காத்திருந்து கணக்கைக் குழப்பிவிடும். இதை இரண்டு சாளரங்களில் ஒரே நேரத்தில் ஓடவிட வேண்டும்: ஒன்று ரவுட்டரை நோக்கி, மற்றொன்று ரவுட்டருக்கு அப்பால் உள்ள முதல் பொறியை நோக்கி. அந்தப் பொறியின் எண்ணை எப்படி அறிவது என்பது அடுத்த படியில் வருகிறது.

தென்மேல் பருவமழை தொடங்கிய ஒரு வைகாசி மாதத்தில், எங்கள் நிலையத்தில் மாலை வேளைகளில் மட்டும் இணைப்பு தடுமாறியது. செம்புக் கம்பியில் வந்த இணைப்பு அது. காலைப் பதிவில் இரண்டு கோப்புகளிலும் இழப்பே இல்லை. மழை பெய்த மாலையில், ரவுட்டரை நோக்கிய கோப்பில் இழப்பு இல்லை, ஆனால் அடுத்த பொறியை நோக்கிய கோப்பில் பத்தில் ஒன்று தொலைந்திருந்தது. நம் கட்டடத்துக்குள் எதுவும் பழுதில்லை, ஈரம் படும் ஓரிடத்தில்தான் கோளாறு என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை. இதைத் தொலைபேசியில் வாசித்துக் காட்டியபோது, 'ரவுட்டரை அணைத்துப் போடுங்கள்' என்ற வழக்கமான பதிலுக்குப் பதில், கம்பத்தைப் பார்க்க ஆள் அனுப்புகிறோம் என்றார்கள். வந்தவர் கம்பத்து மூட்டுப் பெட்டியைத் திறந்து, பச்சை பூத்துப்போன செம்புக் கம்பி முனையை என் உள்ளங்கையில் வைத்துவிட்டுப் போனார்.

நான்காம் படி: பாதையைப் பார்த்தல்

'ட்ரேசர்ட் -டி 8.8.8.8' (tracert -d 8.8.8.8) என இடுங்கள். லினக்ஸில் இதன் பெயர் 'ட்ரேஸ்ரூட்'. '-டி' என்பது ஒவ்வொரு பொறியின் பெயரையும் தேடி நேரம் போக்காதே என்று சொல்கிறது. ஒவ்வொரு பொதிக்கும் 'இத்தனை பொறிகளைக் கடக்கலாம்' என்ற ஆயுள் எண் ஒன்று உண்டு. கடக்கும் ஒவ்வொரு பொறியும் அதில் ஒன்றைக் குறைக்கும், எண் சைபரானதும் பொதியைக் கைவிட்டு, அனுப்பியவருக்கு அறிவிக்கும். இந்தக் கட்டளை முதலில் ஆயுள் 1 கொண்ட பொதியை அனுப்பி முதல் பொறியின் அறிவிப்பைப் பெறுகிறது, அடுத்து 2, அடுத்து 3 என்று 30 வரை போகிறது. முதல் வரி உங்கள் ரவுட்டர். இரண்டாவது வரிதான் முந்திய படியில் நான் சொன்ன எண்.

நடுவில் நட்சத்திரக் குறிகள் வந்தால் அஞ்ச வேண்டாம். பல பொறிகள் பொதிகளைக் கடத்திவிடும், ஆனால் தம்மைப் பற்றிய விசாரிப்புக்குப் பதில் சொல்லாது. ஒரு வரியில் தொடங்கும் தடுமாற்றம் கடைசி வரி வரைக்கும் தொடர்ந்தால் மட்டுமே அதைப் பழுது என்று கொள்ள வேண்டும். இதை இன்னும் நுணுக்கமாக அறிய 'பாத்பிங்' உதவும். அது ஒவ்வொரு பொறிக்கும் 100 கூவல்கள் அனுப்பி இழப்பு வீதம் கணக்கிடுவதால் சில நிமிடங்கள் எடுக்கும். லினக்ஸில் 'எம்டிஆர்' நிறுவிக்கொண்டால் அதே கணக்கைத் திரையில் ஓடஓடக் காட்டும்.

பாதையில் 100.64 முதல் 100.127 வரையான எண்ணொன்று தென்பட்டால், உங்கள் இணைப்புக்கென்று தனிப் பொது முகவரி இல்லை, நிறுவனம் ஒரே பொது முகவரியைப் பலருக்கும் பகிர்ந்து தருகிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம். ஹட்டனிலும் தலவாக்கலையிலும் கடை வைத்திருக்கும் பலர், சிம் போட்ட ரவுட்டரில் கண்காணிப்புக் கமராவைப் பொருத்தி, வீட்டிலிருந்து கைபேசியில் பார்க்க முடியவில்லை என்று என்னிடம் வருகிறார்கள். இத்தகைய இணைப்பில் ரவுட்டரின் வாயிலை (போர்ட்டை) எத்தனை தடவை திறந்து வைத்தாலும் வெளியிலிருந்து வருபவருக்கு அந்த ரவுட்டர் வரை வழியில்லை. கமரா நிறுவனத்தின் மேகச் (கிளவுட்) சேவையைப் பயன்படுத்த வேண்டும், அல்லது பொது முகவரி கேட்டுப் பெற வேண்டும். இந்த ஒரு வரியைப் பார்த்தாலே ஒரு நாள் அலைச்சல் மிச்சமாகும்.

ஐந்தாம் படி: பெயர்களைத் தேடும் முறைமை

8.8.8.8 பதில் தருகிறது, ஆனால் எந்தத் தளமும் திறக்கவில்லை என்றால், பெரும்பாலும் பெயரை எண்ணாக மாற்றும் ஆள்களப் பெயர் முறைமையில்தான் (டிஎன்எஸ்) கோளாறு. 'என்எஸ்லுக்அப்' என்று எழுதித் தளத்தின் பெயரை இடுங்கள். பதில் வராவிட்டால் அதே வரியின் இறுதியில் ஓர் இடைவெளி விட்டு 1.1.1.1 என்பதையும் சேர்த்துத் திரும்ப இடுங்கள். இப்போது கேள்வி வேறொரு சேவையகத்துக்குப் போகும். அது பதில் தந்தால், உங்களுக்கு ஒதுக்கப்பட்ட பெயர்ச் சேவையகம் மட்டுமே படுத்திருக்கிறது என்பது உறுதி. கணினி பழைய விடையை நினைவில் வைத்துக்கொண்டு தொல்லை தருவதாகத் தோன்றினால் 'ஐபிகொன்பிக் /ஃபிளஷ்டிஎன்எஸ்' அதைத் துடைத்துவிடும். நம் நாட்டுக்கு '.இலங்கை' என்று தமிழிலேயே உயர்மட்ட ஆள்களம் இருக்கிறது. இந்த முறைமையினுள் அது இலத்தீன் எழுத்துகளும் இலக்கங்களும் கோடும் கொண்ட வடிவமாக மாற்றப்பட்டே பயணம் செய்வதால், தமிழ்ப் பெயரைக் கட்டளைச் சாளரத்தில் பரிசோதிக்கும்போது அந்த மாற்று வடிவத்தை இட வேண்டியிருக்கலாம்.

ஆறாம் படி: வைஃபையும் சுவர்களும்

'நெட்எஸ்எச் டபிள்யூலான் ஷோ இன்டர்ஃபேசஸ்' என்ற கட்டளை, சமிக்ஞை எத்தனை வீதம், எந்த அலைவரிசை எண், எந்த வேகம் என்பவற்றைக் காட்டும். பழைய பங்களாக்களின் கருங்கல் சுவர்கள் வைஃபையை வெகுவாக உறிஞ்சிவிடும். லயன் வீடுகளின் தகரக் கூரையோ அதைத் திருப்பி அடித்துவிடும். கட்டளையை ஓர் அறையில் இட்டுப் பார்த்து, மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறையில் இட்டுப் பார்த்தால், எந்தச் சுவர் எவ்வளவு தின்கிறது என்பது எண்ணாகவே தெரியும். 2.4 கிகாஹேட்ஸ் வைஃபையில் 1, 6, 11 ஆகிய மூன்று அலைவரிசை எண்கள்தான் ஒன்றோடொன்று மோதாதவை. அயலவர்கள் எல்லோரும் 6-இல் இருந்தால் நீங்கள் 1-க்கோ 11-க்கோ போங்கள். 5 கிகாஹேட்ஸ் வேகமானது, ஆனால் கல்சுவரைத் தாண்டுவதில் இன்னும் பலவீனமானது.

யார் யாருடன் பேசுகிறார்கள்

'நெட்ஸ்டாட் -ஏஎன்ஓ' உங்கள் கணினியின் எல்லா இணைப்புகளையும், ஒவ்வொன்றையும் நடத்தும் நிரலின் எண்ணையும் தரும். 'டாஸ்க்லிஸ்ட்' அந்த எண் எந்த நிரலுக்கு உரியது என்று சொல்லும். லினக்ஸில் 'எஸ்எஸ் -டியுஎல்பிஎன்' திறந்திருக்கும் வாயில்களைக் காட்டும். தொலைவிலிருந்து கணினியை இயக்கும் 3389 என்ற வாயில் கேட்டபடி இருந்து, நீங்கள் அதைத் திறக்கவில்லை என்றால், அன்றே மூடிவிடுங்கள். இந்தக் கருவிகளை உங்கள் பொறுப்பில் உள்ள வலையமைப்பில் மட்டும் பயன்படுத்த வேண்டும். அனுமதியின்றிப் பிறர் கணினிக்குள் நுழைவது 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டத்தின் கீழ் தண்டனைக்குரியது. வகுப்பில் இதை முதல் நாளே பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுகிறேன்.

எல்லாம் பார்த்த பின்னரும் ஒரு கணினி மட்டும் வழிக்கு வராவிட்டால், நிர்வாகியாகத் திறந்த சாளரத்தில் 'நெட்எஸ்எச் வின்சொக் ரீசெட்', 'நெட்எஸ்எச் இன்ட் ஐபி ரீசெட்' ஆகியவற்றை இட்டு மறுபடி தொடங்கலாம். அதற்கு முன் முதற்படியின் வெளியீட்டைக் கோப்பில் சேமித்துக்கொள்ள வேண்டும். கையால் இட்ட நிலையான முகவரிகள் இதில் அழிந்துவிடும்.

எங்கள் ரவுட்டருக்குப் பக்கத்தில் ஓர் ஆணியில் பயிற்சிப் புத்தகம் ஒன்று தொங்குகிறது. மாதம் ஒரு தடவை, எல்லாம் நன்றாக இயங்கும் நாளில், நுழைவாயிலின் எண், அதற்கான மில்லி விநாடி, பாதையின் முதல் நான்கு வரிகள், 8.8.8.8-க்கான சராசரி, பெயர்ச் சேவையகத்தின் எண் ஆகியவற்றைத் திகதியோடு அதில் எழுதுகிறோம். பழுதான நாளில் அதே ஐந்தையும் எதிர்ப்பக்கத்தில் எழுதுகிறோம். தொலைபேசியில் முறையிடும்போது, 'ரவுட்டர் வரை இழப்பில்லை, இரண்டாவது பொறியில் நூற்றுக்குப் பத்து இழப்பு, நேற்று மாலை நான்கு மணி முதல்' என்று அந்தப் பக்கத்தைப் பார்த்து வாசிக்கலாம். ரவுட்டரையோ இணைப்பையோ மாற்றினால் பழைய எண்கள் பொருந்தாது என்பதால், அன்றே புதிய பக்கத்தைத் தொடங்க வேண்டும்.